சொல்லப்படாத வலி: பெண்களின் இடுப்புக்குழி அழற்சியை அறிந்துகொள்ளுதல்

மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். நோயாளர் மருத்துவரிடம் முதலில் கொண்டு செல்வது சொல்லைத்தான். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, எப்போது மிகுகிறது என அவர் கூறுவதைக் கேட்டே மருத்துவர் தம் சோதனையைத் தொடங்குகிறார். உரிய சொல் தெரியாதபோதும், தெரிந்தும் நாணத்தால் நா எழாதபோதும் மருத்துவம் தாமதமாகிறது. அவ்வாறு தாமதிப்பதால் பெருங்கேடு விளையும் நோய்களுள் ஒன்று, பெண்களுக்கு வரும் இடுப்புக்குழி அழற்சி. அந்நோய் யாது, எவ்வாறு தோன்றுகிறது, என்ன செய்கிறது, எப்படித் தீர்க்கலாம் என்பவற்றை வகுப்பறையில் தயக்கமின்றிக் கூறத்தக்க தமிழில் இங்குக் காண்போம்.

பெயரும் பொருளும்

'அழற்சி' என்னும் சொல் 'அழல்' என்பதன் அடியாகப் பிறந்தது. அழல் என்றால் தீ. உடலின் ஒரு பகுதியில் கிருமி புகுந்தால் அங்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன, அவ்விடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. இந்நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோம நாட்டு நூலாசிரியர் செல்சசு வகுத்துரைத்தார். எனவே 'அழற்சி' பொருத்தமான சொல்லே.

இடர்ப்பாடு 'இடுப்பு' என்ற சொல்லில்தான் உள்ளது. இந்நோயைத் தமிழில் 'இடுப்பு அழற்சி நோய்' என எழுதுவது பெருவழக்கு. ஆனால் நம் பேச்சில் இடுப்பு வலி என்றால் முதுகின் கீழ்ப்பகுதியில் தோன்றும் வலியையே குறிப்போம். மகப்பேற்று வலியையும் அவ்வாறு சொல்வோம். துண்டறிக்கையில் 'இடுப்பு அழற்சி' என்று கண்ட ஒரு தாய், தைலம் தேய்த்தால் தீரும் நோய் என எண்ணிவிட இடமுண்டு. இங்கே குறிக்கப்படுவது இடுப்பெலும்புகள் கிண்ணம்போல் சூழ்ந்து நிற்கும் குழி. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவை அதனுள் அமைந்துள்ளன. 'கூபகம்' என்ற சொல்லும் உண்டெனினும் பொதுமக்கள் அதனை அறியார். ஆதலின் இக்கட்டுரையில் 'இடுப்புக்குழி அழற்சி' என்றே வழங்குகிறோம். நோயாளரிடம் பேசும்போது, 'கருப்பையிலும் கருக்குழாய்களிலும் கிருமியால் உண்டாகும் புண்ணும் வீக்கமும்' என்று விளக்கினால் எவர்க்கும் புரியும்.

உறுப்புகளின் அமைப்பு

நோயை விளங்கிக்கொள்ள உறுப்புகளின் அமைப்பை அறிதல் வேண்டும். கருப்பை, தலைகீழாக வைத்த பேரிக்காய் போன்ற வடிவுடையது. அதன் கீழ்முனையே கருப்பை வாய்; அது பிறப்புறுப்பின் உட்குழலில் திறக்கிறது. மேற்பகுதியின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக இரண்டு கருக்குழாய்கள் நீள்கின்றன. இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் கபிரியேலே பலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இக்குழாயின் வடிவை எக்காளத்துக்கு ஒப்பிட்டு விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அது 'பெலோப்பியன் குழாய்' எனப்படுகிறது.

குழாயின் நீளம் சுமார் 10 முதல் 12 செண்டிமீட்டர். கருப்பையோடு சேருமிடத்தில் அதன் உள்வழி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. காற்றில் அசையும் நெற்பயிர்போல் அவை ஒரே திசையில் அசைந்து, சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டையைக் கருப்பையை நோக்கி நகர்த்துகின்றன. ஆணின் விந்தணு முட்டையோடு சேர்வதும் இக்குழாயில்தான். இத்துணை நுண்ணிய வழியில் சிறு தழும்பு விழுந்தாலும் போக்குவரத்துத் தடைப்படும் என்பதை மனத்திற் கொள்வோம்.

இயல்பான நிலையில் கருப்பை வாயில் உள்ள கெட்டியான சளிப்படலம் கிருமிகளை மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. அக்காவலைக் கடந்து கிருமிகள் ஏறினால் முதலில் கருப்பையின் உட்சுவரும், அடுத்துக் கருக்குழாய்களும், பின்னர்ச் சூலகங்களும், இறுதியில் வயிற்றின் உள்ளுறையும் அழற்சிக்கு உள்ளாகின்றன. இவற்றுள் ஒன்றோ பலவோ பாதிக்கப்பட்ட நிலையே இடுப்புக்குழி அழற்சி. குழாயின் வெளிமுனை வயிற்றறைக்குள் திறந்திருப்பதால், சிலருக்குக் கிருமி கல்லீரலின் மேலுறைவரை சென்று வலப்புற விலாவின் கீழ் வலியை உண்டாக்குவதும் உண்டு.

கிருமிகளும் அவற்றின் வரலாறும்

இந்நோய்க்கு ஒரே ஒரு கிருமி காரணமன்று. உடலுறவின்வழித் தொற்றும் கிளமிடியா, கொனோரியா ஆகிய இரண்டும் முதன்மையானவை. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்னும் நுண்ணுயிரும் காரணமாகலாம். பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும்போது பெருகும் கிருமிகளும் மேலேறி நோய் செய்வதுண்டு. பெரும்பாலும் பல கிருமிகள் கலந்தே காணப்படுகின்றன. சோதித்தும் எந்தக் கிருமியும் பிடிபடாத நோயாளரும் பலர். மகப்பேறு, கருச்சிதைவு ஆகியவற்றுக்குப் பின்னும், கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்திய முதல் மூன்று வாரங்களிலும் தொற்று ஏற்படச் சிறிதளவு வாய்ப்புண்டு. காசநோய்க் கிருமி குருதிவழியே வந்து கருக்குழாய்களைத் தாக்குவதும் உண்டு. அதற்கு உடலுறவு காரணமன்று, அதற்குரிய மருத்துவமும் வேறு. ஆகவே இந்நோய் வந்தது என்பதைக்கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தையோ அவர் கணவரின் ஒழுக்கத்தையோ எடைபோடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

கொனோரியாவைத் தமிழ் மருத்துவம் 'வெட்டை' என்ற பெயரால் நெடுங்காலமாக அறியும். அது பெண்ணின் உள்ளுறுப்புகளைக் கெடுப்பதை மேலைநாட்டு மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளவே காலம் பிடித்தது. நியூயார்க்கில் பணியாற்றிய எமில் நோகெராத் என்னும் மருத்துவர் 1872இல் ஒரு கருத்தை வெளியிட்டார். நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணும் ஆண்களின் உடலில் அது மறைந்து வாழ்கிறது. திருமணத்துக்குப் பின் மனைவிக்குத் தொற்றி அவரைக் குழந்தைப்பேறு அற்றவராக்குகிறது என்பதே அக்கருத்து. உடன்தொழில் புரிந்தோர் அதனை ஏற்கவில்லை. 1879இல் ஆல்பர்ட் நைசர் அக்கிருமியை நுண்நோக்கியில் கண்டறிந்தார். நோகெராத் கூறியதன் உண்மை அதன் பின்னரே மெல்ல மெல்ல ஒப்புக்கொள்ளப்பட்டது.

கிளமிடியாவின் வரலாறு நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. 1907இல் ஜாவாத் தீவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹால்பெர்ஸ்டேட்டர், புரோவசெக் ஆகிய இருவரும், டிரக்கோமா என்னும் கண்நோயால் பாதிக்கப்பட்டோரின் கண்ணிமையிலிருந்து சுரண்டி எடுத்த பொருளை ஓராங் ஊத்தான் குரங்குகளின் கண்ணில் ஏற்றிச் சோதித்தனர். உயிரணுவுக்குள் போர்வை போர்த்தியதுபோல் கிடந்த நுண்பொருளைக் கண்டனர். போர்வையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'கிளமிடியா' என்ற பெயர் வந்தது. அக்கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் முதன்முதலாகத் தனித்து வளர்க்கப்பட்ட செய்தி 1957இல் சீன அறிவியலாளர் தாங் பெய்பான் குழுவினரால் வெளியிடப்பட்டது. கண்ணைக் கெடுக்கும் அவ்வினத்தின் வேறு வகைகளே கருக்குழாயையும் கெடுக்கின்றன.

இத்தொற்றுகள் அரியவை அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே கிளமிடியா 129 மில்லியன் முறையும் கொனோரியா 82 மில்லியன் முறையும் புதிதாகத் தொற்றின.

அமைதியாக வளரும் அழற்சி

கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. கருக்குழாய் அடைபட்ட பின்னரே, குழந்தைப்பேறு தள்ளிப்போவதைக் கண்டு மருத்துவரை நாடும்போது பழைய அழற்சியின் தழும்பு வெளிப்படுகிறது. தமக்கு அப்படியொரு நோய் வந்துபோனதை அவர்கள் அறிந்ததே இல்லை.

அறிகுறி தோன்றும்போதும் அது கடுமையாக இருக்கவேண்டும் என்பதில்லை. தொப்புளுக்குக் கீழே இருபுறமும் மந்தமான வலி. வெள்ளைப்படுதலின் நிறமும் மணமும் அளவும் மாறுதல். மாதவிடாய்க்கு இடையிலோ உடலுறவுக்குப் பின்னரோ குருதி கசிதல். உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலித்தல். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். காய்ச்சல், குமட்டல் ஆகியவை முக்கியமானவை. இவை அனைத்தும் ஒருவருக்கே தோன்றுவதில்லை. ஒன்றிரண்டு மட்டும் இலேசாகத் தோன்றலாம்.

வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பருவமடைந்த பெண்ணுக்கு நிறமற்றோ பால் நிறத்திலோ சிறிதளவு வெள்ளைப்படுவது இயல்பு, அது நோயன்று. மஞ்சளோ பச்சையோ கலந்து, கெட்ட மணத்தோடும் வலியோடும் வருவதே மருத்துவரிடம் கூறத்தக்கது. நம் குடும்பங்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் 'உடல் சூடு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். இளநீரும் எண்ணெய்க் குளியலும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றால் தீங்கில்லை, ஆனால் அவற்றை நம்பிக் கழியும் நாட்களில் கிருமி ஓய்வதில்லை.

நோயை அறியும் முறை

இந்நோயை ஐயமறக் காட்டும் ஒற்றைச் சோதனை இல்லை. மருத்துவர் கேட்டறிவதும் தொட்டறிவதுமே முதன்மை. கருப்பை வாயை அசைக்கும்போதோ, கருப்பையையும் அதன் இருபுறத்தையும் அழுத்தும்போதோ வலி தோன்றினால், வேறு காரணம் புலப்படாத நிலையில், இந்நோய் எனக் கருதி மருந்தைத் தொடங்குவதே உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. காத்திருப்பதால் விளையும் கேடு பெரிது.

கருவுற்றிருக்கிறாரா என்ற சோதனை தவறாது செய்யப்படும். கருக்குழாயில் தங்கிய கருவும் அடிவயிற்று வலியையே தரும். அது உயிருக்கு ஆபத்தானது. குடல்வால் அழற்சி, சூலகக் கட்டி முறுக்கிக்கொள்ளுதல், சிறுநீர்த் தொற்று, கருப்பை அகப்படலம் இடம் மாறி வளர்தல் ஆகியவையும் இதேபோன்ற வலியை உண்டாக்கவல்லவை. கிளமிடியா, கொனோரியா ஆகியவற்றைக் கண்டறியப் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியோ சிறுநீரோ போதும். சீழ்க்கட்டி உள்ளதா என்பதை அறிய மீயொலிப் படம் உதவும்.

தாமதத்தின் விலை

சுவீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை, வயிற்றறைக்குள் கருவி செலுத்தி நேரில் பார்த்து நோய் உறுதிசெய்யப்பட்ட பெண்களை லார்ஸ் வெஸ்ட்ரோம் குழுவினர் நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தனர். அதன் முடிவுகள் 1992இல் வெளிவந்தன. ஒருமுறை நோயுற்றோருள் 100க்கு 8 பேருக்கும், இருமுறை நோயுற்றோருள் ஏறத்தாழ 20 பேருக்கும், மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றோருள் 40 பேருக்கும் குழாய் கெட்டதால் குழந்தைப்பேறு தடைப்பட்டது. நோய்க்குப் பிந்திய முதற்கருவே குழாயில் தங்கிவிடும் நிலை, நோயுறாதோரிடையே 100க்கு 1.4 ஆகவும் நோயுற்றோரிடையே 9.1 ஆகவும் இருந்தது.

இவ்வெண்களை இருவகையாகவும் படிக்கவேண்டும். ஒருமுறை நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் தாய்மை அடையத் தடையில்லை. ஆகவே அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரும்போது கேடு ஏறத்தாழ இருமடங்காகப் பெருகுகிறது. ஆகவே அசட்டையாக இருக்கவும் கூடாது.

அதே நகரப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. வலி தொடங்கி மூன்று நாளும் அதற்கு மேலும் கழித்து மருத்துவரிடம் வந்தோருக்கு, உடனே வந்தோரைவிடக் கருவுறுதலில் பின்னர் இடர்ப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. மூன்று நாள் என்பது, 'வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்கவேண்டாம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என நாம் எளிதாகக் கழித்துவிடும் காலம்.

நோயுற்றோருள் கணிசமானோர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும் அடிவயிற்று வலியால் துன்புறுகின்றனர். கருக்குழாயும் சூலகமும் ஒட்டிச் சீழ்க்கட்டியாக மாறுவதும், அது உடைந்து உயிருக்கு ஆபத்தாவதும் அரிதாக நிகழ்கின்றன.

மருத்துவமும் துணைவரும்

நோய் தொடக்கத்தில் கண்டறியப்பட்டால் மருந்தாலேயே தீரும். பல கிருமிகள் கலந்திருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிக்கொல்லி மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. பொதுவாக ஓர் ஊசியும் 14 நாட்களுக்கு மாத்திரைகளும். கருவுற்றோர், கடுங்காய்ச்சலும் வாந்தியும் உடையோர், சீழ்க்கட்டி உள்ளோர் ஆகியோரை மருத்துவமனையில் சேர்ப்பர். ஏனையோர் வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளலாம். மூன்று நாளில் வலி குறைகிறதா என்பதை மருத்துவர் மீண்டும் பார்ப்பார். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. அழல் அடங்கினாலும் நெருப்பு முற்றும் அணைந்துவிடவில்லை.

மருந்து, உள்ள கிருமியைக் கொல்லும். விழுந்துவிட்ட தழும்பை நீக்காது. காலத்தின் அருமை இதனால்தான். குழாய்கள் அடைபட்ட பின்னும் வழியே இல்லை என்பதன்று. 1978இல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் தாய், கருக்குழாய்கள் அடைபட்டிருந்தவரே. சிங்கப்பூரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது. அம்முயற்சிக்குத் தலைமையேற்ற பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம், இலங்கையில் பிறந்த தமிழர். ஆயினும் அவ்வழி பொருட்செலவும் மன உளைச்சலும் மிக்கது; வெற்றியும் உறுதியன்று. வருமுன் காப்பதே எளிது.

நோயாளரின் துணைவருக்கும் சோதனையும் மருந்தும் தேவை. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லாதிருக்கலாம். ஆயினும் மருந்து உட்கொள்ளாவிடில் மனைவி குணமடைந்த பின் தொற்று மீண்டும் வரும். இருவரும் மருந்தை முடிக்கும்வரை உடலுறவைத் தவிர்த்தல் வேண்டும். கிளமிடியா உடலில் பல மாதங்கள் மறைந்திருக்கக்கூடியது; ஆதலின் எப்போது, எவரிடமிருந்து வந்தது எனத் துருவுவதால் பயனில்லை. குழந்தைப்பேறு இல்லாத பெண்ணை 'மலடி' எனத் தூற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. 'மலடன்' என்ற சொல் இருந்தும் அது எவர் வாயிலும் எளிதில் வருவதில்லை. நோகெராத் 1872இல் கூறியதை நினைவிற் கொண்டால் இந்த ஒருதலைச் சொல்லை நாம் கைவிடுவோம்.

தடுப்பு

ஆணுறையை முறையாகப் பயன்படுத்துவது தொற்றைப் பெரிதும் குறைக்கிறது. பிறப்புறுப்பின் உட்பகுதியை மருந்துநீரால் கழுவும் வழக்கம் தூய்மை தராது. காவலாய் நிற்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும் என்பதால் அதனைத் தவிர்க்கவேண்டும். உடலுறவு வாழ்வில் ஈடுபட்டுள்ள 25 வயதுக்குட்பட்ட பெண்கள், அறிகுறி இல்லாவிடினும் சோதித்துக்கொள்ளுமாறு பல நாடுகளின் மருத்துவ நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் நடைபெற்று 1996இல் வெளிவந்த ஆய்வில், கிளமிடியாச் சோதனைக்கு அழைக்கப்பட்ட இளம்பெண்களிடையே அடுத்த ஓராண்டில் இடுப்புக்குழி அழற்சி, அழைக்கப்படாதோரிடையே இருந்ததில் பாதிக்கும் குறைவாகவே காணப்பட்டது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கோ மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கோ செல்லும் தமிழ்ப்பெண்கள் பலர், தம் நோயைப் பிறமொழியிலேயே கூறவேண்டியுள்ளது. மலாய்மொழியில் 'சாக்கிட் பெருட்' என்று சொல்வது எளிது. ஆனால் அது செரியாமை முதல் குடல்வால் அழற்சிவரை எல்லா வயிற்று வலிக்கும் பொதுவான சொல். அடிவயிற்றைத் தனியே குறிக்க 'ஆரி ஆரி' என்ற மலாய்ச் சொல் உண்டு. வெள்ளைப்படுதலை அவர்கள் 'கெபுத்திஹான்' என்பர். வெள்ளை என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்தே அதுவும் பிறந்தது. இரு மொழியினரும் ஒரே நிறத்தால் பெயரிட்டிருக்கும்போது, அதனைச் சொல்ல நாம் மட்டும் கூசவேண்டியதில்லை.

அறிவியல் பாடத்தில் இனப்பெருக்க உறுப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர், கருப்பை, கருப்பை வாய், கருக்குழாய், சூலகம், மாதவிடாய், வெள்ளைப்படுதல் ஆகிய சொற்களைக் குரலைத் தாழ்த்தாமல், இதயம், நுரையீரல் என்பனபோல் இயல்பாக உச்சரிப்பாராயின், மாணவரும் அவ்வாறே பழகுவர். ஆண் மாணவரையும் அவ்வகுப்பில் இருத்துதல் நன்று. நாளை துணைவராகவும் தந்தையாகவும் இருக்கப்போகிறவர்கள் அவர்களே. அடிவயிற்று வலி என்று ஒரு மாணவி கூறினால், காரணத்தை ஆராய்வது ஆசிரியர் பணியன்று. 'மாதாந்திர வலிதானே' எனத் தள்ளாமல், அன்றே மருத்துவரைக் காண வழிசெய்வதே பணி.

மாணவியர் மனத்தில் இருத்தவேண்டியது இதுவே. எந்த மருத்துவரிடமும் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள்: 'அடிவயிற்றில் வலி, இத்தனை நாளாக வலிக்கிறது, வெள்ளைப்படுதலிலோ குருதிப்போக்கிலோ இன்ன மாற்றம் உள்ளது.' கேட்டால், கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்பதையும் மறைக்காமல் கூறுங்கள். வீட்டில் தாயாரோ அக்காவோ வலியை மறைப்பதைக் கண்டால் இதே சொற்களை அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். மூன்றாம் நாள் வரை காத்திராமல், வலி தோன்றிய அன்றே அவை சொல்லப்படவேண்டும்.